சாத்திய படலை

மாட்டு வேலிப் படலையை மனைவி தர்சினி திறந்து போட்டுவிட்டாள் என்ற கோபத்தில், அருந்தவன் காலைத் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"நேற்றுப் பின்னேரம் படலை ஆவெண்டு கிடந்தது. நல்ல காலம், நான் கண்டு சாத்திப்போட்டு வந்தனான். ஒரு மாடு றோட்டில ஏறியிருந்தா எங்கட கதி என்ன?"

"நான் அந்தப் பக்கமே போகேல்லையப்பா."

"அப்ப படலை தானாத் திறந்ததோ?"

தர்சினி ஆறிய தேத்தண்ணியை எடுத்துக் கொட்டினாள்.

சிட்னியின் செவன் ஹில்ஸில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டு, இந்தக் கோதுமை ஊருக்குக் குடிவந்து இன்னும் ஒரு அறுவடைகூட ஆகவில்லை. அருந்தவன் வேலை செய்யும் பண்ணையின் சொந்தக்காரர் பீட்டருக்கு அடுத்த கிழமை சிட்னியில் சத்திரசிகிச்சை. அவர் திரும்பும்வரை மாடுகளை யார் பார்ப்பது என்பதை இன்றைக்குச் சொல்வதாக இருந்தார். அந்தப் பொறுப்பு கிடைத்தால் இங்கேயே காலூன்றலாம். இல்லையென்றால் பழையபடி தொழிற்சாலைதான்.

மாடுகளைப் பற்றி அருந்தவனுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் திறந்த படலையைக் கண்டால் கை சும்மா இருக்காது. யாழ்ப்பாணத்தில் படலையைச் சாத்தாமல் விட்டு, ஆடு புகுந்து கத்தரிக்கன்றைத் தின்றதற்கு வாங்கிய அடி அப்படி.

வெளியே காலையிலேயே அனல் வீசியது. மாடுகளெல்லாம் அந்தப் படலையில் முட்டி மோதிக்கொண்டு, விடிந்ததிலிருந்து கதறிக்கொண்டிருந்தன.

"அடம் பிடிக்கிறதைப் பார். ஒருநாள் திறந்து விட்ட ருசி!"

போன் அடித்தது. பீட்டர்! அருந்தவன் நடையை நிறுத்தினார். விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டதோ?

"நீயே கதை. செய்த பிழைக்கு மன்னிப்புக் கேள்" என்று போனை மனைவியின் கையில் திணித்தார். "சாத்தினது ஆரெண்டு கேட்டா என்ர பேரைச் சொல்ல மறந்திடாதை."

தர்சினி ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"படலையைத் திறந்து விட்டது பீட்டராம். மாடுகள் தண்ணிக்குப் போற வழியை மறிச்ச மடையன் ஆரெண்டு கேக்கிறார். உங்கட பேரைச் சொல்லட்டோ?"