முகத்துவாரத்தில் ஒரு பச்சைக் கயிறு

எண்ணூர் முகத்துவாரத்தில் காலை வெயில் துள்ளுகிறது. இன்ஜின் நின்றுபோன செங்குட்டுவனின் படகு, நீரோட்டத்தோடு கடலை நோக்கி நகர்கிறது. அருகிலுள்ள தீவின் இரண்டு மீனவக் குப்பங்களும் வலை போடும் இடத்துக்காகச் சண்டையிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டதை ஆராய வந்த ஃபரா, பலகையை இறுகப் பிடித்தபடி அந்தப் படகில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வருவது பகைக் குப்பத்து மீனவர் மண்ணாங்கட்டியின் படகு. பார்த்தும் பாராமல் போய்விடுவாரோ என்று அவள் அந்தப் படகையே பார்க்கிறாள். செங்குட்டுவன் உதவி கேட்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறான். அப்போது ஒரு பச்சை நைலான் கயிறு காற்றில் சுழன்று வந்து அவன் மடியில் விழுகிறது. “இன்னா மாமு, அந்தமானுக்கா போய்க்கினு கீற? புடி கயித்த,” என்கிறார் மண்ணாங்கட்டி. “ரெண்டு வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த நைனா?” என்கிறான் செங்குட்டுவன். கயிற்றைப் படகின் முனையில் முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கையில் பிடித்துக்கொள்கிறான். மண்ணாங்கட்டியின் படகு இழுக்க, கயிறு விறைக்கிறது, அதிலிருந்து தெறிக்கும் நீர்த்துளிகள் ஃபராவின் முகத்தை நனைக்கின்றன. “அல்ஹம்துலில்லாஹ்” என்று இறைவனுக்கு நன்றி முணுமுணுக்கிறாள். படகு மண்ணாங்கட்டியின் குப்பத்துக் கரையில் போய் முட்டுகிறது. மீன் கழுவும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். செங்குட்டுவன் ஒரு கணம் தயங்குகிறான். பிறகு, கயிற்றைக் கையிலிருந்து விடாமலே, இரண்டு வருடங்களாக மிதிக்காத அந்த மணலில் கால் வைக்கிறான்.