மேடையில் ஓடிய போன்

"தும்மல் வந்தா என்ன பண்றதுன்னு சொல்லவே இல்லையே சார்?" மேசைக்கு அடியிலிருந்து கேட்டாள் பேட்டரி அக்கா.

"முழுங்கிடும்மா. நானூறு பேரோட வேலை உன் மூக்குலதான் இருக்கு" என்றார் மேனேஜர், மேசை விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டபடி.

அவர் மிகைப்படுத்தவில்லை. மூன்று வருடமாக அவர்கள் கம்பெனி செல்போனைச் சீந்துவார் இல்லை. இழுத்து மூடப்போகிற நேரத்தில், உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பாதியை ஓட்டுகிற ஒரு மென்பொருள் கம்பெனி, தொழிற்சாலையை ஆட்களோடு வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. கேட்டால் பதில் பேசுகிற தங்கள் புதிய மென்பொருளை இவர்கள் போனில் போட்டு, பத்திரிகைக்காரர்கள் முன்னால் மேடையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் அங்கேயே கையெழுத்து. ஓடாவிட்டால் பேட்டரி அக்காவும், பேக்கிங் பிரிவில் இருக்கும் அவள் கணவரும் ஒரே நாளில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஒத்திகையில் போன் இரண்டு நிமிடம் நன்றாகவே ஓடியது. அதன்பின் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. பதினெட்டு வருடமாகப் பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கும் அவளுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். பேட்டரியைக் கழற்று, ஊது, திரும்பப் போடு. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். ஆனால் ஊரே பார்க்க மேடையில் வைத்து அதைச் செய்ய முடியுமா?

அதனால் மேனேஜர் யாருக்கும் தெரியாமல், முதலாளிக்குக்கூடச் சொல்லாமல், ஒரு தில்லுமுல்லு செய்திருந்தார். மேடையில் ஸ்டாண்டில் நிற்கும் போன் வெறும் திரை. அதன் உயிர் ஒரு மெல்லிய ஒயர் வழியாக மேசைக்கு அடியில் அவள் கையில் இருக்கும் போனில் இருந்தது. மேலே விரல் எங்கே படுகிறதோ, கீழே அவளும் அங்கே தொட வேண்டும். மேடையைப் பெரிதாகக் காட்டும் திரை ஒன்று ஹாலின் பின்சுவரில் இருந்தது. அதைப் பார்க்க விரிப்பில் ஒரு சின்னக் கிழிசல்.

பேச்சுக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, அந்தக் கவலையே வேண்டாம், அது அவர்கள் மென்பொருள், தானாகப் பேசும் என்று சொல்லிவிட்டார். குரல் வருவதற்கான ஒலிபெருக்கிகளைக்கூட அவர்களே கொண்டுவந்து, மேடையின் மறுகோடியில் தனி மேசை போட்டு வைத்திருந்தார்கள். "பெரிய ஆளுங்கம்மா. நம்ம மாதிரியா?" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

விழா ஆரம்பித்தது. மென்பொருள் முதலாளி மேடையேறி, போனுக்கு வணக்கம் சொன்னார்.

"வணக்கம் சார். சட்டை நல்லா இருக்கு" என்றது போன், இனிமையான பெண்குரலில்.

ஹால் சிரித்துக் கைதட்டியது. பேட்டரி அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டையைக்கூடப் பார்க்கிறதே!

அவர் போட்டோவைத் தொட்டார், அவளும் தொட்டாள். பாட்டைத் தொட்டார், அவளும் தொட்டாள். எல்லாம் நடந்தது. அவளுக்கே குஷி பிறந்து, விரல்கள் தாளம் போடாத குறையாக ஓடின. அப்போதுதான் அந்த மனிதர் சொல்லிக்கொடுத்த பாடத்தை விட்டு விலகி, தன் மனைவிக்குப் போன் போடச் சொன்னார்.

அந்த அம்மாவின் நம்பருக்குப் பேட்டரி அக்கா எங்கே போவாள்?

"வேணாம் சார். மத்தியானத்துல அவங்கள எழுப்பினா, வீட்டுக்குப் போய் திட்டு வாங்கப்போறது நீங்கதான்" என்றது போன்.

ஹால் அதிர்ந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே சரிந்தது. பேட்டரி அக்கா இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டாள்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் போன் உறைந்தது. மேலே அவர் தட்டினார், இன்னொருமுறை தட்டினார். ஒன்றும் அசையவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. கடைசி வரிசையில் அவள் கணவர் எழுந்து நிற்பது கிழிசல் வழியாகத் தெரிந்தது. சட்டென்று மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்தாள். மேடையில் திரை இருண்டது.

"பயப்படாதீங்க சார். கண்ண மூடிட்டு யோசிக்கிறேன். ரொம்பத் தட்டினா எனக்கும் தலை சுத்தாதா?" என்றது குரல்.

மறுபடியும் ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அவள் ஊதிப் போட்டு அழுத்த, திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கையெழுத்து ஆனது. கணவர் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தார். சந்தோஷத்தில் மேனேஜர், மேசைக்கு அடியில் ஒருத்தி இருப்பதையே மறந்து, முதலாளிகள் பின்னால் ஓடிவிட்டார்.

ஹால் காலியான பிறகு பேட்டரி அக்கா தவழ்ந்து வெளியே வந்து இடுப்பை நிமிர்த்தினாள். கண்ணில் நீர் முட்டியது. ஸ்டாண்டில் நின்ற போனைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு எங்க கதி அதோகதிதான் தாயே. மனுஷங்களுக்குக்கூட இந்த சமயோசிதம் வராது."

பதிலுக்கு, மேடையின் மறுகோடியில் ஒலிபெருக்கி மேசையின் விரிப்பு விலகியது. கையில் மைக்கோடு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஒரு பெண் வெளியே வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்களேன்" என்றாள், இதுவரை போன் பேசிய அதே குரலில். "பேசிப்பேசித் தொண்டையே வறண்டுபோச்சு."