பன்னிரண்டு அடி, ஒரு இருமல்

"ஏம்மா, உன் வீட்டுக்காரரு என்ன, அளவெடுத்தா நடக்கறாரு?"

மாடிப்படியில் பாதி ஏறியிருந்தவள் அப்படியே நின்றாள். கீழே கதவைப் பிடித்துக்கொண்டு ஓனரம்மா நின்றிருந்தாள்.

"ஏன்மா அப்படிக் கேக்கறீங்க?"

"பன்னெண்டு அடி. அப்புறம் நாற்காலியை இழுக்கறாரு. அப்புறம் ஒரு இருமல். மறுபடியும் பன்னெண்டு அடி. நேத்து சாயங்காலம் வேலை வெட்டி இல்லாம உக்காந்து எண்ணினேன். ஒரு தடவையாவது பதிமூணு வரணுமே, ஊஹூம்!"

"அது... யோசிச்சுக்கிட்டே நடக்கற பழக்கம்மா."

"நல்ல பழக்கம்!" ஓனரம்மா உள்பக்கம் திரும்பி, "ஏங்க, கேட்டீங்களா?" என்றாள்.

திரைக்குப் பின்னாலிருந்து மூன்று இருமலும் ஒரு கனைப்பும் பதிலாக வந்தன. முட்டிவலியால் அவர் அறையை விட்டே வருவதில்லை என்று ஓனரம்மா சொல்லியிருந்தாள்.

"பாரு, எதைக் கேட்டாலும் இவருக்கு இதுதான் பதில்."

கொடுத்து வைத்தவள், கேட்ட கேள்விக்கு இருமவாவது ஒருத்தர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே இவள் மேலே போனாள்.

கதவைச் சாத்தியதும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவள் நிறுத்திவிட்டுப் போன டிரம் மிஷின் மேஜையில் கிடந்தது. அந்த வீட்டில் புருஷன் என்று இருந்தது அது ஒன்றுதான்.

"தனியாவா இருக்கப் போறீங்க?" இந்த ஒரு கேள்வியில் இந்த வருஷம் இரண்டு வீடு கை நழுவியிருந்தது. மூன்றாவது வீட்டில், வாய் கூசாமல், "அவருக்கு வீட்டிலேயே வேலை, வெளியே வர மாட்டார்" என்று சொல்லி வைத்தாள். சொன்னால் போதுமா, ஆள் நடமாட வேண்டாமா? ஸ்டுடியோவில் பாட்டுகளுக்கு டிரம் மிஷினில் தாளம் அமைப்பவள் அவள். வாயே திறக்காத பெண் என்பதால் அங்கே அவளுக்குக் கேலியாக 'டமாரம்' என்று பேர். செருப்புச் சத்தம், நாற்காலிச் சத்தம், தன் இருமலையே கனமாக்கியது என்று எல்லாவற்றையும் மிஷினில் ஏற்றி, ஸ்பீக்கரைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பகலெல்லாம் ஊரார் பாட்டுக்குத் தாளம், வீடு திரும்பினால் இந்த மகராசனுக்குத் தாளம். கல்யாணமே ஆகாமல் ஒரு புருஷனைக் கட்டி மேய்ப்பது என்ன பாடு என்று டமாரத்தைக் கேட்டால் தெரியும்.

தப்பு அவளுடையதுதான். ஸ்டுடியோவில் எந்தப் பாட்டையும் இப்படி ஒரே மாதிரி விட்டிருக்க மாட்டாள். வீட்டுக்குத்தானே என்று அசட்டையாக இருந்துவிட்டாள். இந்த வீடும் போனால் நான்காவது வீடு தேட உடம்பில் தெம்பில்லை.

மிஷினை இழுத்து வைத்துக்கொண்டாள். ஐந்தாவது அடி நூற்றுக்கு அறுபது தடவை விழட்டும், போதும். இருமல் நூற்றுக்கு இருபது. நாற்காலி நான்காவது சுற்றில் மட்டும். இருமல் வராத சுற்றில் வேண்டுமானால் ஒரு தும்மல்.

ஓட விட்டாள். மனிதர் நடந்தார், தயங்கினார், இரண்டு அடி வைத்தார், இருமினார். "தண்ணி வேணுமா?" என்று வாய் வரை வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்து நாள் ஓனரம்மா ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் நாள் சாயங்காலம் கீழே கூப்பிட்டாள்.

"கதவைச் சாத்திட்டு உக்காரு."

மேலே அடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கரண்ட் போனா உன் வீட்டுக்காரரு நின்னுடறாரும்மா."

"இருட்டுல எப்படிம்மா நடப்பாரு?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு என்ன இருட்டு? தூக்கின காலைக் கீழே வைக்கக்கூட இல்லை. அப்புறம் நீ வேலைக்குப் போனா அவரும் நடக்கறதில்ல, நீ வந்த பிறகுதான் ஆரம்பிக்கறாரு."

டமாரத்துக்கு அழுகைகூட வரவில்லை. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது.

"ஆள் இல்லம்மா. மிஷின். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடறேன்."

"அது கிடக்கட்டும். முதல்ல கடிகாரமாட்டம் நடந்தவரு, அப்புறம் எப்படி மனுஷனாட்டம் நடந்தாரு?"

"இருமல் நூத்துக்கு இருபது தடவைன்னு வச்சேன்."

"அந்த இருபது எதெதுன்னு யாரு முடிவு பண்றது?"

"யாருமில்லம்மா. ஒவ்வொரு சுத்துலயும் மிஷினே சீட்டுக் குலுக்கிப் பாக்கும். வந்தா இருமும், வராட்டி சும்மா இருக்கும்."

"அப்ப எப்ப இருமுவாருன்னு உனக்கே தெரியாதா?"

"தெரியாது."

"கொடுத்து வச்சவ," என்று பெருமூச்சு விட்டாள் ஓனரம்மா.

கேலி பண்ணுகிறாள் என்று இவளுக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டாள். "வர்றேன்மா. வீடு தேடணும்."

"உக்காருன்னு சொன்னேன்ல!"

ஓனரம்மா போய்த் திரையை விலக்கினாள். கட்டிலில் யாரும் இல்லை. ஸ்டூல் மேலிருந்த பழைய டேப் ரெக்கார்டர் மூன்று தடவை இருமி, ஒரு தடவை கனைத்தது.

"அவரு என்னை விட்டுட்டுப் போய் எட்டு வருஷமாச்சு. இருமல் வர்ற நேரம் பாத்துதான் இவருகிட்ட நான் கேள்வியே கேக்கறது. இவரு பேட்டரில ஓடறாரு, கரண்ட் போனா மாட்ட மாட்டாரு," என்றாள் ஓனரம்மா, குரலைத் தாழ்த்தி. "ஆனா பக்கத்து வீட்டுக்காரி எண்ண ஆரம்பிச்சுட்டாம்மா. அந்த நூத்துக்கு இருபதை இவருக்கும் கொஞ்சம் போட்டுக் குடேன்."