பொய்க்கருவி

"மூச்சை அடக்காதீங்க அக்கா. அடக்கினா பொய்னு காட்டிடும்."

மபுண்டா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாசவானிக்கு மூச்சு எப்படி விடுவதென்றே மறந்து போயிருந்தது. நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, கையில் ஒரு பட்டை, இரண்டு விரல்களில் கவ்வி. எல்லாவற்றிலிருந்தும் ஒயர் கிளம்பி அவர் முன்னால் இருந்த கம்ப்யூட்டருக்குப் போனது. திரையில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே ஓடியது.

முந்தாநாள் இந்த ஆள் காட்டு விடுதிக்கு வந்தபோது யாரோ வசதியான விருந்தாளி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாலாம் நம்பர் அறையில் தங்கினார். மற்றவர்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறிச் சிங்கம் பார்க்கப் போக, இவர் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்து தூரக்கண்ணாடியால் புதர்களைத் துழாவிக்கொண்டிருந்தார். அவருக்குப் படுக்கை விரித்ததே சாசவானிதான்.

இன்று காலைதான் மேலாளர் ஃபூரி அம்மாள் வேலைக்காரர்கள் எல்லோரையும் மருலா மரத்தடியில் கூட்டி விஷயத்தைச் சொன்னார். இவர் பொய் பிடிக்கும் மெஷினோடு வந்திருக்கும் சோதனைக்காரர். ஒருவர் விடாமல் உட்கார வேண்டும். தேறாதவர்கள் சாயங்கால வண்டியில் மூட்டையோடு ஊருக்குப் போகலாம்.

ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. போன மாதம் பக்கத்துக் காட்டில் ஒரு காண்டாமிருகத்தைச் சுட்டுக் கொம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கிறவர்கள் யாரோ இடம் காட்டாமல் அது நடந்திருக்காது.

வரிசையில் நிற்கும்போது ஜீப் ஓட்டும் கெசானி வாய் ஓயாமல் பேசினான். "போன தடவை நம்ம சமையல்காரர்கிட்ட, மாமியாரைப் பிடிக்குமான்னு கேட்டாங்களாம். ரொம்பப் பிடிக்கும்னாராம். மெஷின் புகைஞ்சே போச்சாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சாசவானி மட்டும் இடுப்பில் செருகியிருந்த செல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளாக அவள் செல்லுக்குத் தெரியாத நம்பரிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. குரல் கிடையாது, வெறும் எழுத்து. குட்டி போட்ட காண்டாமிருகம் எங்கே வருகிறது? சொன்னால் ஊரில் கல்வீடு கட்டிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால், தங்கை வீட்டில் இருக்கும் உன் மகள் முசா பள்ளிக்கூடம் விட்டு எந்த ஒற்றையடிப் பாதையில் நடந்து வருகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். யாரிடமாவது வாயைத் திறந்தாலும் அதே கதிதான்.

அவள் பதில் போடவில்லை. யாரிடமும் மூச்சு விடவும் இல்லை. படுத்தால் கண்ணுக்குள் அந்த ஒற்றையடிப் பாதைதான் வந்து நின்றது.

மபுண்டா முதலில் பேர் கேட்டார், ஊர் கேட்டார். பிறகு குரல் மாறாமலே கேட்டார்.

"காண்டாமிருகம் இருக்கிற இடத்தை வெளியாள் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"யாராவது கேட்டாங்களா?"

இல்லை என்றால் வேலை போகும். ஆமாம் என்றால் முசா. திரையில் கோடு மேலும் கீழும் குதித்தது.

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். மேடத்திடம் தான் கொடுப்பது தேறினார், தேறவில்லை என்ற ஒரே வார்த்தைதான், மற்றபடி இங்கே பேசுவது எதுவும் கதவைத் தாண்டாது என்றார். தனக்கும் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். "மனசுல அடைச்சு வச்சிருந்தா இந்தக் கோடு துள்ளிக்கிட்டேதான் அக்கா இருக்கும்."

அவ்வளவுதான். சாசவானிக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. செய்திகள், மிரட்டல், முசா, தூங்காத இரவுகள், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"சரி. தெரியாததால சொல்லலையா, தெரிஞ்சும் சொல்லலையா? ரெண்டுக்கும் கோடு வேற வேற மாதிரி ஓடும்."

"தெரிஞ்சுதான் சார் சொல்லல."

"வாயால சொன்னா போதாது அக்கா. நிஜமாவே தெரியுமான்னு மெஷின் பாக்கணும்ல?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேர்மையை நிரூபிக்க இதைவிட வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

"துணி துவைக்கிற கொட்டகைக்குப் பின்னால, கழிவுத்தண்ணி தேங்குற சேறு இருக்குல்ல சார், அங்கதான். வெயில் ஏறினதும் தாயும் குட்டியும் வந்து புரளும். காவக்காரங்க எல்லாம் ஆத்துப்பக்கம் தேடிக்கிட்டிருக்காங்க. நான் துணி காயப் போடுறப்ப பாத்தேன். நாலு பேருக்குத் தெரிஞ்சா அதுக்கு ஆயுசு இல்லைன்னு, கூட வேலை செய்யுறவங்ககிட்டகூடச் சொல்லல."

திரையில் கோடு அமைதியாக ஓடியது.

மபுண்டா போய்க் கதவைத் திறந்து ஃபூரி அம்மாளைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேர்மையான ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார். ஃபூரி அம்மாள் சாசவானியின் தோளை அழுத்திவிட்டு, அடுத்து கெசானியைக் கூப்பிட வெளியே போனார்.

சாசவானிக்கு இப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது. இனிமேல் இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்க வேண்டாம். முசாவைக் காப்பாற்ற விவரம் தெரிந்த ஒரு மனுஷர் கிடைத்துவிட்டார். எழுந்து அவர் காலைத் தொடலாமா என்றுகூடத் தோன்றியது.

மபுண்டா அவள் கைப்பட்டையைக் கழற்றக் குனிந்தார். காதோரம் மெதுவாகச் சொன்னார்.

"நான் செல்லுல கேட்டப்பவே இதைச் சொல்லியிருந்தா, இத்தனை நாள் நிம்மதியாத் தூங்கியிருக்கலாமே அக்கா."