அழுங்காமையின் கண்

சங்கு குளிக்கப்போய் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த கஸ்பாருக்கு, மருத்துவமனையில் கடலில் திரியும் ஓர் அழுங்காமையின் பார்வையை அவன் கண்களில் பொருத்தி அனுப்பினார்கள். அன்றுமுதல் அது கண்டதை மட்டுமே கண்டு, அவன் கட்டிலில் கிடந்தபடியே தீவின் பவளப்பாரில், பச்சை வெளிச்சத்துக்குள் மிதந்து திரிந்தான்.

“கடற்பஞ்சு தின்னே வயிறு நெறஞ்சிருச்சு, பிலோமி” என்று சோற்றை ஒதுக்குவான். ஆமை மூச்செடுக்க மேலே வந்தால் அவனும் நெஞ்சு விம்ம மூச்சிழுப்பான். மனைவியின் முகத்தை அவன் பார்த்துத்தான் எத்தனை வருடம்!

ஒரு மாலை, ஓட்டில் மருத்துவமனை ஒட்டிய கருவியோடு அந்த ஆமை முட்டையிட அவர்கள் வீட்டுக்கு முன்னாலேயே கரையேறியது. பிலோமி ஓடிப்போய் அதன் எதிரே மண்டியிட்டு, அதன் கண்ணுக்குள் பார்த்தாள். அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

திறந்திருந்த சன்னல் வழியே கஸ்பாரின் குரல் வந்தது:

“ஏ பிலோமி, கடக்கரையில யாரோ ஒரு நரைச்ச பொம்பள அழுதுக்கிட்டு இருக்கா. பாவம், போயி என்னான்னு கேளு.”