ஜென்ஷன் வீட்டு விருந்தாளி

மலைச்சரிவில் ஒரு ஜென்ஷன் செடி நீலமாய்ப் பூத்திருந்தது. அதன் வேர் எட்டிக்காயாய்க் கசக்கும். ஆனால் வேரைப் பற்றிப் பேச்செடுத்தாலே பூவுக்குப் பிடிக்காது. அந்தப் பக்கம் வந்த பயணிகள் ஜென்டில், ஜென்டில்மேன் என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைக் கேட்ட நாளிலிருந்து, மென்மையும் கண்ணியமும் தன் குலச்சொத்து என்று அது முடிவுகட்டியிருந்தது.

"பேர் ஒரே மாதிரி இருந்தா சொந்தமாயிடுமா?" என்று கேட்டது பக்கத்துப் புல்.

புல்லோடு எல்லாம் வாதாடுவதில்லை என்று பூ முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒருநாள் தேனீ ஒன்று பூவுக்குள் இறங்கித் தேன் குடித்துக்கொண்டிருக்கும்போதே மேகம் கவிந்தது. வெயில் மறைந்தால் ஜென்ஷன் இதழ்களை மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது.

"அக்கா, கொஞ்சம் திறங்க. கூட்டுல தேடுவாங்க," என்றது தேனீ.

"வேளைகெட்ட வேளையில் வாசலைத் திறப்பது நல்ல குடும்பத்துக்கு அழகில்லை," என்றது பூ, மிக மென்மையாக.

மழை பிடித்துக்கொண்டது. தேனீ இதழ்களை முட்டியது. "குளிருது அக்கா, செத்துருவேன்," என்று கதறியது.

"சத்தம் போடாதே. அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?" பூ இதழ்களை இன்னும் இறுக்கிக்கொண்டது.

மழை விடுவதற்குள் முட்டல் ஓய்ந்துவிட்டது.

வெயில் வந்ததும் பூ விரிந்தது. கால்களை மடக்கிக் கிடந்த தேனீ காற்றில் உருண்டு புல்லின் மேல் விழுந்தது. புல் அதைத் தாங்கியபடி பூவை நிமிர்ந்து பார்த்தது.

"என்ன ஆர்ப்பாட்டம் செய்தது," என்றது பூ. "கடைசியில் எவ்வளவு அடக்கமாகிவிட்டது, பார்."

பிறகு அடுத்த விருந்தாளிக்காக இதழ்களைச் சீர்செய்துகொண்டது.