ஞாயிற்றுக்கிழமைத் திட்டு

“ஏன்டா எருமை, ஈரச் சாக்ஸை மாட்டிக்கிட்டு ஓடாதேன்னு போன வாரமே தொண்டை கிழியச் சொன்னேனா இல்லையா?”

ரோட்டோரம் நின்றிருந்த டிரைவிங் ஸ்கூல் காரே அதிர்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பேங்க்காரர் தன்னையறியாமல் தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டார்.

திட்டு அவருக்கு இல்லை. பக்கத்து சீட்டில், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மேடத்தின் கையில் போன். மறுமுனையில் மேடத்தின் ஒரே மகன். ராணுவத்தில் சேர்ந்து பயிற்சி முகாமில் இருக்கிறான். அங்கே செல்போனையெல்லாம் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகாம் போனில் ஆளுக்கு அஞ்சு நிமிஷம். அதனால் அன்றைக்கு யார் வண்டி ஓட்டினாலும் சரி, மேடத்தின் போன் அடித்தால் ஓரங்கட்டியாக வேண்டும்.

“கால்ல கொப்புளம் வந்தா யாருடா பாக்கறது? நாட்டையே காப்பாத்தப் போறானாம், சொந்தக் காலைக் காப்பாத்தத் துப்பில்ல!”

“திட்டும்மா, இன்னும் திட்டு.”

“கொழுப்பைப் பாரு! தட்டுல போட்டதை ஒழுங்கா சாப்பிடறியா? இல்ல, அங்கேயும் காயைப் பொறுக்கி ஓரமா ஒதுக்கறியா? நேர்ல வந்தேன்னு வை, முதுகுத் தோலை உரிச்சிடுவேன்!”

“போதும், போனை வைங்கடா!” என்று போனில் மகனுக்குப் பின்னாலிருந்து ஒரு கர்ஜனை. லைன் கட்டாகிவிட்டது.

“அவங்க டிரில் மாஸ்டர். பசங்க ‘இடி’ன்னு பேர் வச்சிருக்காங்களாம். மனுஷன் எப்பப் பாரு இடிச்சுக்கிட்டேதான் இருப்பாராம்” என்றார் மேடம்.

பேங்க்காரர் மெதுவாக ஆரம்பித்தார். “மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க திட்டறப்ப அங்க நிறையப் பேர் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. பையன் ஸ்பீக்கர்ல போட்டுட்டான் போல.”

மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. அவர் காதிலும் அந்தச் சிரிப்பு விழுந்ததுதான். வேறு எதற்கோ சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

பெத்த தாயை வேடிக்கை காட்டியா சிரிக்கிறான்? வாரம் பூராவும் இந்த ஒரு போனுக்காகக் காத்துக் கிடந்ததற்கு இதுதான் பலனா?

அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. பேங்க்காரர் மூணாவது கியரில் வண்டியைக் கிளப்பினார், திட்டு விழவில்லை. சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போகப் பார்த்தார். மேடம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாரே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“மேடம், ஏதாவது திட்டுங்க மேடம். பயமா இருக்கு” என்று மனுஷன் வேர்த்து வழிந்தார்.

அந்த வாரம் முழுக்க மேடம் நாக்குக்குப் பூட்டு போட்டுக்கொண்டார். “கொஞ்சம் பிரேக்கை மிதிக்க முடியுமாம்மா?” என்று ஒரு பெண்ணிடம் தேன் ஒழுகக் கேட்டு முடிப்பதற்குள் கார் போய்க் குப்பைத்தொட்டியை முட்டியது. அதற்கும் மேடம் புன்னகைதான் செய்தார். அந்தப் பெண் மறுநாள் வகுப்புக்கு வரவே பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் அடித்ததும் பேங்க்காரர் சொல்லாமலே ஓரங்கட்டினார்.

“நல்லா இருக்கியாப்பா? உடம்பைப் பாத்துக்கோ. பெரியவங்க சொல்றதைக் கேட்டு நடந்துக்கோ.”

மகன் பதறிப்போனான்.

“அம்மா... உனக்கு என்னம்மா ஆச்சு? டாக்டர்கிட்டப் போனியா?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உன் கூட்டாளிங்க சிரிக்கறதுக்கு வேற ஆளே கிடைக்கலையாடா? உனக்கு அம்மான்னு நினைச்சுக்கிட்டுப் பேசினேன். நீ என்னைக் கோமாளியாக்கிட்டே.” மேடத்தின் குரல் உடைந்துவிட்டது.

“ஐயோ, கேலி இல்லம்மா! இங்க சில பேருக்குப் போன் பண்ண வீட்டுல யாருமே இல்ல. உன் பேச்சைக் கேக்க அவங்கதான் முதல்ல வந்து உக்காருவாங்க. நீ ‘எருமை’ன்னா ஒவ்வொருத்தனும் தன்னைத்தான்னு சந்தோஷமா சிரிச்சுக்குவான். நீ திட்டின அன்னிக்கே எல்லாரும் சாக்ஸைத் துவைச்சுக் காயப்போட்டாச்சு! தங்களோட அஞ்சு நிமிஷத்தையும் நமக்கே குடுத்துடறாங்கம்மா. இல்லேன்னா நீ அஞ்சு நிமிஷத்துல திட்டி முடிக்கற ஆளா?”

மேடம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அங்கே இடி இடித்தது.

“போனை இங்க குடுடா! எல்லாரும் வெளிய போங்க!”

மேடத்துக்கு உயிரே போய்விட்டது. “ஐயா, என் பையனைத் தண்டிச்சிடாதீங்க! தப்பெல்லாம் என்மேலதான். இனிமே நான் யாரையும் திட்டவே மாட்டேன்!”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா.” கர்ஜனை போய் டிரில் மாஸ்டரின் குரல் கிசுகிசுப்பாகியிருந்தது. “பசங்களுக்குத் தெரியாது... நானும் கதவுக்குப் பின்னால நின்னு கேப்பேன். எங்கம்மா போனதுக்கப்புறம் என்னைத் திட்ட ஆளே இல்ல. எல்லாரும் என்னைப் பாத்து நடுங்கறாங்க, அவ்வளவுதான். அதான்மா, உங்களால முடிஞ்சா...”

மேலே பேச முடியாமல் லொக்கு லொக்கென்று இருமல் வந்துவிட்டது.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏன்டா தடிமாடு, இந்த இருமலை வச்சுக்கிட்டா வெயில்ல நின்னு கத்திக்கிட்டிருக்கே? வெந்நீர் குடிச்சியா, இல்லையா?”